கலங்கல் மட்டம்

நான் நட்ட செடியைப் பிடுங்கி, அதில் வேர் இருக்கிறதா என்று பார்த்த ஒரே மனுஷி அவர்தான். ஒன்றிரண்டு இல்லை. வரிசையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஏழு நாற்றுகள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடினேன்.

"என்னக்கா பண்ணுதீங்க? நட்டு மூணு நாள்தான் ஆகுது. இப்படிப் புடுங்கிப் போட்டா வெளங்குமா?"

அவர் பதற்றமே இல்லாமல் கையிலிருந்த நாற்றின் மண்ணை உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"வேர் கீதானு பாத்தேன்."

"வேர் இல்லாததையா நடுவாங்க?"

"நட்டாங்களே. போன வருசம் ரோட்டோரமா மரம் வெச்சாங்க. அத்தினியும் வெறும் குச்சி. போட்டோ புடிச்சிகினு போனாங்க. போட்டோல நல்லாதான் இருந்திச்சு."

பிறகு ஏழையும் அதே குழிகளில் ஊன்றி, குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். நான் வாயில் வந்ததையெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோபத்துக்குக் குறைச்சல் இல்லாத வயது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி இருந்தது அந்த ஏரி. கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு, ஏரிக்கரை குளக்கரை அரிப்பைச் செடி வைத்துத் தடுக்கிற ஒரு சின்ன காண்ட்ராக்ட் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். ஏரியின் மேற்கு ஓரத்தில் இருந்த, காருக்கு சீட் செய்கிற ஒரு கம்பெனி எங்களுக்கு வேலை கொடுத்தது. அவர்களுடைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அணைத்திருந்த மண்ணை, ஐப்பசிக் காற்றில் அலை அடித்து அடித்துக் கரைத்துக்கொண்டிருந்தது. தென்னை நாரை மலைப்பாம்பு பருமனுக்கு உருட்டி ஓரமாகப் போட்டு, மூங்கில் முளை அடித்து, பின்னால் வெட்டிவேரும் நாணலும் நடவேண்டும். கல்லும் சிமெண்டும் இல்லாத கரை. அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை. ரூமில் என்னோடு தங்கியிருந்த மூன்று பேரும் ஷிப்டு முடிந்து வந்து போல்ட்டு நட்டு என்று பேசும்போது, நான் மட்டும் புல்லைப் பற்றிப் பேசுவேன். "போதும்ல, தூங்க விடு" என்பார்கள்.

அந்த அக்கா நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். ஊர்ப் பெண்கள் முப்பது நாற்பது பேர் ஏரியில் மண் வெட்டுவார்கள். வருகை எடுப்பதும், ஆளுக்கு இவ்வளவு என்று மண் அளந்து விடுவதும் அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. வெயிலானாலும் மழையானாலும் ஒரு கறுப்புக் குடை. பேர் கூப்பிட்டதும் "உள்ளேன்" என்றால் அவருக்குப் போதாது. கிட்டே போய்த் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவார்.

"எதுக்கக்கா தொட்டுப் பாக்கறீங்க, நாங்க இன்னா பேயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உன் தங்கச்சி உன் சீலையக் கட்டிகினு வந்து நிக்கல ஒருவாட்டி?"

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவளும்தான் சிரித்தாள்.

அவர் எதையும் நம்பமாட்டார், அவ்வளவுதான். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினால், போர்டைப் பார்த்து, டிரைவரைக் கேட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். மாதா திருவிழாவில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ராட்டினம் பார்க்கப் போவார்கள். இவர் மட்டும் தன் மெழுகுவத்தி அடிவரை எரிந்து அணைகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். பாதியில் ஊதி அணைத்து எடுத்துப் போய் மறுபடி விற்றுவிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். பங்குச் சாமியாரே ஒருமுறை, "மாதா பாத்துக்குவாங்கம்மா, நீ வூட்டுக்குப் போ" என்றாராம். "மாதாவுக்கு ஆயிரம் வேலை ஃபாதர்" என்றாராம் இவர்.

எனக்கு அவரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். பாதியை என் கிளாஸில் ஊற்றி, "நீ குடி" என்றார்.

"என்னக்கா, விஷமா வச்சிருக்கேன்?"

"குடி, சொல்றேன்."

குடித்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் அவர் குடித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு நேரே கேட்டார்:

"கம்பெனிக்காரன் சுத்தி செவுரு கட்றான். கேட்டுக்கு ரோடு போடறான். கோடி கோடியா கொட்றான். கரைய மட்டும் எதுக்கு கல்லு வெச்சிக் கட்டாம புல்லு வெக்கிறான்?"

"இதுதாங்க்கா இயற்கையான முறை. வேர் மண்ணைப் புடிச்சுக்கிடும், மீன் குஞ்சு பொரிக்கும், கொக்கு வரும்…"

"அத்த நீ படிச்சே. கம்பெனிக்காரன் கொக்கு வர்றதுக்கா செலவு பண்றான்?"

அன்று சாயங்காலம் எங்கள் மேனேஜரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏரிக்குள்ள ஒரு கல்லு வச்சாலும் நீர்நிலைச் சட்டம், ஆக்கிரமிப்புன்னு வந்து நிப்பான். செடி வச்சா எவன் கேப்பான்? பாராட்டிட்டுப் போவான்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "அந்தம்மா ஏதோ எதிர்பாக்குது. என்னான்னு கேட்டு முடிச்சு விடு. வாட்ச்மேன் வேலை மாதிரி எதாச்சும் குடுத்துருவோம்."

எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. ஏனென்றால் ஐப்பசி மழைக்கு முன்னாலிருந்தே என் நாற்றுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பத்து, பதினைந்து என்று ஒரே சீராக, வேரடி மண்ணோடு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஏரியில் திருட்டு மண் அள்ளுகிற லாரிக்காரர்களோடு அந்த அக்காவுக்குத் தொடர்பு இருப்பதாக டீக்கடையில் ஒருவர் சொன்னார். கரை பலமானால் லாரி இறங்க முடியாதாம், அதனால் லாரிக்காரன் சொல்லி இவர்தான் செடியை எடுக்கிறாராம். ஆஹா, இதுதானா சங்கதி என்று நினைத்தேன். மழை ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவர் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஏரி ஓரமாகவே நடந்து போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அவர் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் ஏரிதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பூசின சுவர், பின்பக்கம் இரண்டு படி. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் ஓரமாக, என்னுடைய நாற்றுகள் வரிசையாக நின்றன. நான் நட்டதைவிட நன்றாகவே நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சி. அதில் பெயிண்டால் கோடு கோடாகப் போட்டிருந்தது.

"திருடிட்டு வந்து சொந்தத் தோட்டமா போடுதீங்க?" என்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "உன் புல்லு மண்ண இன்னா பண்ணுதுனு பாக்கத்தான் கொணாந்து வெச்சேன். இங்க வா, குந்து" என்றார். குச்சியின் அடியைக் காட்டினார். "ஐப்பசி மழைக்கு முன்ன இந்த முதல் கோடு தரைக்கு மேல இருந்திச்சு. இப்ப எங்க கீது?"

மண்ணுக்குள் போயிருந்தது. விரலால் தோண்டிக் காட்டினார். ஒரு சாண் வண்டல்.

"உன் புல்லு நல்ல புல்லுதான் தம்பி. அதான் பயமா கீது. தண்ணி கொணாந்து போடற மண்ண அப்படியே புடிச்சி வெச்சிக்குது. இந்த ஒரு மழைக்கே ஒரு சாண். அஞ்சாறு வருசத்துல? உன் வரிசைக்குப் பின்னாடி இருக்கறது பூரா மேடாயிடும். அப்புறம் அது ஏரினு எவன் சொல்லுவான்? உன் வரிசைதான் கரைனு சொல்லுவான். அந்தக் குச்சியெல்லாம் யார் அடிச்சிக் குடுத்தது, எந்த எடத்துல நடணும்னு?"

"கம்பெனி சர்வேயர்."

"ஏரியோட எல்லைக்கல்லு எங்கனு கேட்டியா?"

கேட்கவில்லை. சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. குச்சி அடித்துக் கொடுத்தார்கள், நட்டேன். படித்தவன் என்று பேர். வாயைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் குந்தியிருந்தேன்.

எல்லைக்கல் ஒன்றுகூட இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. வி.ஏ.ஓ. ஆபீஸில் கேட்டதற்கு, "கல்லெல்லாம் எப்பவோ போச்சு, சர்வேக்கு எழுதிப் போடுங்க" என்றார்களாம். அந்த அக்கா எழுதிப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. அவரிடம் வேறொரு வழி இருந்தது.

நூறு நாள் வேலைக்கு வருவதற்கு முன்னால் பத்து வருடம் அவர் சித்தாளாக இருந்தவர். அந்தப் பக்கத்து கம்பெனிகளில் பாதிக்கு அஸ்திவாரக் கல் சுமந்தவர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் அவருக்கு அத்துப்படி. கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம் கலங்கல். அந்தக் கலங்கலின் தலைமட்டம் வரை தண்ணீர் எங்கெங்கே நிற்குமோ, அவ்வளவும் ஏரி. அதுதான் சட்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கலங்கலில் ஆரம்பித்து, அந்த மட்டத்தைக் குச்சிக்குக் குச்சி தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி கம்பெனிச் சுவர் வரைக்கும் போவது என்று முடிவு செய்தார். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், பத்துப் பன்னிரண்டு பெண்களோடு கிளம்பினார். நானும் போனேன். எதற்குப் போனேன்? அவர் தப்பு என்று நிரூபிக்கத்தான். வேறென்ன?

ஒரு குச்சியில் கோடு. குழாயின் ஒரு முனை அந்தக் கோட்டில், மறுமுனை அடுத்த குச்சியில். தண்ணீர் ஆடி அடங்குகிற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. அடங்கியதும் கோடு. அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் குழாயை முழுக்கத் தடவிப் பார்ப்பார்.

"இன்னாக்கா தடவிகினே கீற? தண்ணி பொய்யா சொல்லும்?" என்றாள் ஒருத்தி.

"உள்ள காத்து பூந்துகினா தண்ணியும் பொய் சொல்லும்டி."

கலங்கல் ஏரியின் தென்கோடியில் இருந்தது. அங்கிருந்து மேற்கே கம்பெனிச் சுவருக்குப் போகிற வழியில் அவர்கள் தெரு. மற்ற வீடுகள் மேட்டில் இருந்தன. மட்டம் அவற்றின் கீழேயே போய்விட்டது. கடைசி வீட்டுக்கு வந்தோம். அக்காவின் வீடு. பின்படியில் ஒருத்தி குழாயைப் பிடித்தாள். தண்ணீர் ஆடியது, அடங்கியது. மேல்படியைத் தாண்டி, சுவரில் ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அந்த வீட்டை அவர் எப்படிக் கட்டினார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். புருஷன் செத்தபிறகு, வெறும் பத்திரத்தாளில் எழுதி வாங்கிய இடம்; வேலை செய்கிற இடத்தில் மிச்சம் விழுந்த செங்கல்லைக் கேட்டு வாங்கி, நாளைக்கு நாலு என்று தலையில் கொண்டுவந்து கட்டியது. ஏரிக்கு வருகிற கால்வாயை ரோடு அகலப்படுத்தியபோது பாதி அடைத்துவிட்டதால், பல வருடமாக ஏரி முழுக்க நிறையவே இல்லை. அதனால் அங்கே தண்ணீர் வரும் என்றே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"இத்த வுட்டுடுக்கா" என்றாள் குழாய் பிடித்தவள். "நேரா செவுத்தாண்ட போய்டலாம்."

"நடுவுல ஒரு குச்சிய வுட்டா அப்புறம் அது லெவலே இல்ல. இங்கருந்துதான் அங்க போவணும்."

"யாருக்குக்கா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "காத்து பூந்திருக்கும். இன்னொருவாட்டி புடி" என்றார்.

குழாயைக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, நாலு குச்சி பின்னால் போய் மறுபடி வந்தார்கள். அதே இடம். மூன்றாவது தடவை அவரே முனையைப் பிடித்தார். தண்ணீர் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதே ஒரு சாண். கரித்துண்டை எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் தானே கோடு போட்டார். "ம், நட" என்றார்.

அடுத்த குச்சியை நான் தூக்கிக்கொண்டேன். நிரூபிக்க வந்தவன் நான்!

கம்பெனிச் சுவருக்கு வந்தபோது செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். உள்ளே விடமாட்டேன் என்றான். அதையும் அக்கா எதிர்பார்த்திருந்தார். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை உண்டு. குழாயின் முனையை அதற்குள் விட்டார். உள்ளே அன்றைக்கு ஞாயிறு ஷிப்டில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தவள் அந்த ஊர்ப் பெண்தான். துடைப்பத்தோடு வந்து முனையை இழுத்து, மரப்பெட்டிகள் அடுக்கியிருந்த காலி இடத்தில் நின்ற விளக்குக் கம்பத்தில் வைத்துப் பிடித்தாள்.

"எங்க நிக்குது?" என்று இவர் ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்தினார்.

"முட்டிக்கு மேல நிக்குதுக்கா!"

"நல்லா பாத்தியா?"

"மாதா மேல சத்தியமா!"

"மாதாவ வுடு. இன்னொருவாட்டி பாரு."

முட்டிக்கு மேல்தான். நான் நட்ட வரிசைக்கு முப்பது முப்பத்தைந்து அடி பின்னால், சுவரையும் தாண்டி உள்ளே, அங்கே எல்லாம் ஏரி. அலை கரையை அரிக்கவே இல்லை. தன் இடத்துக்கு வரப் பார்த்திருக்கிறது. அதைத் தடுக்கத்தான் நான் செடி நட்டிருக்கிறேன்.

மனு எழுதியபோது என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். படித்தவன் கையெழுத்து ஒன்று இருந்தால் நல்லது என்று ஒரு பெண் சொன்னாள். நான், "மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுதேன்" என்றேன். அக்கா பேனாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "கேட்டா போடமாட்ட. கேக்காதப்பவே போடல" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் என்னை எப்போதும் நம்பியதில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை.

திங்கட்கிழமை மனு நாளில் காஞ்சிபுரம் போய்க் கொடுத்தார்கள். கொடுத்த மனுவில் அவர் தன் வீட்டையும் சேர்த்து எழுதியிருந்தார். பின்னே, தன் வீட்டை மறைத்தால் முழுசும் பொய் என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிடுவான் என்றார். மாதங்கள் ஓடின. அரசாங்க சர்வேயர் மெஷினோடு வந்து அளந்தார். அக்கா அந்த மெஷினையும் நம்பாமல் கூடவே குடையோடு நடந்தார். அளவு சரியாக வந்தது. இரண்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒன்று அவர் வீட்டுக் கதவில், ஒன்று கம்பெனிச் சுவரில். தன் கதவில் ஒட்டியதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனிச் சுவரில் ஒட்டியதை யாராவது கிழித்துவிட்டார்களா என்று தினமும் காலையில் வந்து பார்ப்பார். நான் அங்கே நாற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

இடிக்கிற நாள் வந்தது. ஒரே ஒரு ஜே.சி.பி. தாசில்தார், ஜீப், இரண்டு பெண் போலீஸ். வண்டி நேரே தெருவுக்குள் வந்தது. அக்கா முந்தின நாளே சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அவர் வெளியே வரவில்லை. வெறும் வீட்டின் நடுவில், தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நீங்களே குடுத்த மனுதானே? எழுந்து வாங்க" என்றார் தாசில்தார்.

"வர்றேன் சார். மொதல்ல செவுரு வுழட்டும்."

"சுவரு நாளைக்கும்மா. இன்னைக்கு வண்டி ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதானே சார்? அத்த அங்க அனுப்புங்க. முடிச்சிட்டு இங்க வரட்டும். எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. தாசில்தாருக்கு வரவில்லை. எழுத்தில் தருகிறேன் என்றார், கோபப்பட்டார், கெஞ்சினார். அக்கா அசையவில்லை. பெண் போலீஸ் இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கையை மடித்து விட்டுக்கொண்டார்கள். தெருமுனையில் கம்பெனி கார் நின்றது. எங்கள் மேனேஜரும் அதன் அருகில் நின்றார். காலையில் வேலைக்கு வந்ததுமே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: வக்கீல் ஐகோர்ட்டுக்குப் போயாச்சு, சாயங்காலத்துக்குள்ள சுவருக்கு ஸ்டே வந்துரும், நீ பேசாம உன் வேலையைப் பாரு.

"தம்பி, நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க. புடிச்சு இழுக்க வச்சுராதீங்க" என்று தாசில்தார் என் தோளைத் தட்டினார்.

நான் உள்ளே போனேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கம்பெனி ஆளு. உள்ள இன்னா பேசிக்கிறாங்கனு உனுக்குத் தெரியும். நீ சொல்லு. நாளைக்கு செவுத்த இடிப்பாங்களா?"

அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதே இல்லை. வெளியே ஜே.சி.பி. உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் பெண் போலீஸ் வந்து நின்றுவிட்டார்கள். தரதரவென்று இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள், அதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசல் வழியாக மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எது காரணம் என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

"இடிப்பாங்கக்கா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்பார், இன்னொருவாட்டி சொல்லு என்பார் என்று பயந்துகொண்டே நின்றேன். கேட்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். வெளியே வந்து குடையை விரித்தார். வீடு விழ அதிக நேரம் ஆகவில்லை.

சாயங்காலம் ஸ்டே வந்தது; மேனேஜர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. வழக்கு நடக்கிறது என்கிறார்கள். வெட்டிவேர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அதன் பின்னால் மண் மேடாகி, இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றனவாம். நான் அந்த வேலையை இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

ஆனால் ஸ்டே வந்த விஷயம் அன்றிரவு ஊருக்குள் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் சைட்டுக்குப் போனபோது, சுவருக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச்சேலை. வேலைக்கு வரும் பெண்களையும் கூட்டி வந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்; இடிக்கும்போது செங்கல் தெறிக்கும், தள்ளிக் குந்துங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கையாட்டிக் கூப்பிட்டார்.

"வா தம்பி. வண்டி எத்தினி மணிக்கு வர்து?"

அவர் குரலில் சந்தேகமே இல்லை.

"வந்துரும்க்கா" என்றேன்.